ஃபிளாஷ் டிரான்ஸ்மிட்டர்: 'ஒளிபரப்பி' வேண்டாம், 'தூண்டி' போதும்

கேமராவின் தலையில் செருகி, தள்ளி நிற்கும் ஃபிளாஷை எரியவைக்கிற சிறு பெட்டியை ஸ்டுடியோக்காரர்கள் 'டிரிக்கர்' என்கிறார்கள். கையேட்டில் அதற்கு 'ஃபிளாஷ் டிரான்ஸ்மிட்டர்' என்று பெயர். தமிழில் விளக்க உட்காருகிறவர்கள் அதைக் 'கம்பியில்லா ஒளிபரப்பி' ஆக்கிவிடுகிறார்கள். பார்க்கும் இடமெல்லாம் இந்தச் சொல்லே கண்ணில் படுகிறது. இது தவறு, படிப்பவரைத் தவறான வேலைக்கு இழுத்துச் செல்லும் தவறு.

மூலத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். 'டிரான்ஸ்மிட்' இலத்தீன் சொல். 'டிரான்ஸ்' என்றால் அப்பால், 'மிட்டெரே' என்றால் அனுப்புதல். 'டிரிக்கர்' டச்சு மொழியின் 'ட்ரெக்கன்', அதாவது இழுத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. முதலில் துப்பாக்கி விசைக்கு வழங்கியது.

இனி 'ஒளிபரப்பி'க்கு வருவோம். தமிழில் ஒளிபரப்பு என்றால் தொலைக்காட்சி. அந்தப் பொருள் ஊறிப்போன சொல்லை எடுத்துக் கேமராவின் மேல் வைக்க முடியாது. சரி, தொலைக்காட்சியை மறந்துவிட்டு 'ஒளியைப் பரப்புவது' என்று நேராகவே பொருள் கொண்டாலும் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஸ்டுடியோவில் ஒளியைப் பரப்பும் பொருள்கள் வேறு: சாஃப்ட்பாக்ஸ், வெள்ளைக் குடை, ஃபிளாஷின் முகத்தில் மாட்டும் டிஃப்யூசர் மூடி. 'ஒளிபரப்பியைக் கேமராவில் பொருத்துங்கள்' என்று படிக்கும் புதியவர் டிஃப்யூசர் மூடியைத் தேடினால் குற்றம் அவருடையதல்ல.

இன்னும் அடிப்படையான ஓட்டை ஒன்று உண்டு. இந்தப் பெட்டி படத்துக்கு ஒரு துளி வெளிச்சமும் தருவதில்லை. ஷட்டரின் முதல் திரை முழுதாகத் திறந்ததும், கேமராவின் தலையில் பெட்டியைச் செருகும் இடமான ஹாட் ஷூவின் நடு முனை வழியாகக் கேமரா ஒரு சைகை கொடுக்கிறது. பெட்டி அதை வானொலி அலையாக, இன்று பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்சில், அனுப்புகிறது. ஃபிளாஷுக்குள் இருக்கும் ஏற்பி அதை வாங்கியதும், மின்தேக்கியில் காத்திருக்கும் மின்னூட்டம் செனான் குழாயில் பாய்ந்து வெட்டுகிறது. வெளிச்சம் பிறக்கும் இடம் அங்கே. பெட்டி சைகையோடு நின்றுவிடுகிறது.

ஒளியால் சைகை அனுப்பும் பெட்டிகளும் உண்டு. கேனான் எஸ்டி-ஈ2, நிக்கான் எஸ்யூ-800 இரண்டும் அகச்சிவப்பு வகை. அவற்றுக்கு ஃபிளாஷின் உணரி நேரே கண்ணில் பட வேண்டும். உச்சி வெயிலில் தடுமாறும். 2012இல் வந்த கேனான் எஸ்டி-ஈ3-ஆர்டி வானொலி வகை. கோடாக்ஸ் எக்ஸ்ப்ரோவும் அப்படியே. இவற்றோடு இயங்கும் ஃபிளாஷைச் சாஃப்ட்பாக்சுக்குள் திணிக்கலாம், தூணுக்குப் பின்னால் ஒளிக்கலாம், அடுத்த அறையில் வைத்து ஜன்னல் வழியே வெளிச்சம் கொண்டுவரலாம். பெயரிலேயே 'ஒளி' என்று எழுதிவிட்டால், நேர்க்கோடு வேண்டுமென்று நினைத்து ஃபிளாஷை வெட்டவெளியில் நிறுத்துவார்கள். கருவி வாங்கியதன் பாதிப் பயன் ஒரு சொல்லால் வீணாகும்.

மாற்றாகத் தோன்றும் மற்ற சொற்களும் சரிப்படாது. 'கடத்தி' இயற்பியல் பாடத்தில் மின்சாரம் பாயும் பொருளுக்குப் போய்விட்டது. 'விசை' ஏற்கெனவே ஃபோர்ஸ், கீ, சுவிட்ச் என்று மூன்று வேலை பார்க்கிறது. 'பரப்பி' என்பது கோபுரத்துக்குப் பொருந்தும். எல்லாருக்குமாக அனுப்புவதைத்தான் பரப்புதல் என்கிறோம். இந்தப் பெட்டியோ தன் சேனலும் அடையாள எண்ணும் ஒத்த ஃபிளாஷை மட்டுமே அழைக்கிறது.

ஆகவே 'தூண்டி'. விளக்குத் திரியைத் தள்ளி எரியவிடுவதற்குத் தமிழில் தூண்டுதல் என்றே பெயர். அதற்கான குச்சி தூண்டுகோல். தூண்டத் தேவையில்லாதது தூண்டாமணிவிளக்கு. 'தூண்டு சுடரனைய சோதி' என்று அப்பர் பாடியதும் இந்தத் தூண்டலைத்தான். 'தூண்டி என்றால் எரியவைப்பது மட்டும்தானே, இந்தப் பெட்டி ஒளியின் அளவையும் மாற்றுகிறதே' என்பார்கள். திரியைத் தூண்டினால் சுடர் பெரிதாகும், உள்ளிழுத்தால் சிறிதாகும். பெட்டியின் சக்கரத்தைத் திருப்பி ஃபிளாஷின் ஆற்றலை 1/128 பங்கிலிருந்து முழு அளவான 1/1 வரை ஏற்றுவதும் அதே வேலைதான்.

ஃபிளாஷுக்குப் புழங்கும் 'மின்வெட்டொளி'யையும் மாற்ற வேண்டும். படித்ததும் கரண்ட் போன நினைவுதான் வருகிறது. மின்னல் வெட்டுகிறது என்று சொல்லும் நமக்கு 'வெட்டொளி' போதும். ஜெர்மானியரும் மின்னலை வைத்தே 'பிளிட்ஸ்லிக்ட்' என்றார்கள். முன்னால் 'மின்' சேர்த்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: மின்தூண்டி என்பது மின்சுற்றில் வரும் இன்டக்டர் என்ற கம்பிச்சுருள். எனவே கருவி 'வெட்டொளித் தூண்டி', எதிர்முனை 'ஏற்பி'. பேச்சில் 'ஃபிளாஷ் தூண்டி' என்றாலும் பொருள் கெடாது.

மொழிபெயர்ப்பவர் கருவியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஹாட் ஷூ 'சூடான காலணி' ஆவது பார்க்காததால்தான். அதை ஹாட் ஷூ என்றே விட்டுவிடலாம். சேனலை 'அதிர்வெண்' என்று எழுதுவது அதைவிடக் கெடுதல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை யாரும் திருப்பி வைப்பதில்லை. மாற்றுவது, கோடாக்ஸில் 1 முதல் 32 வரையுள்ள சேனலையும் அதனுடன் சேரும் அடையாள எண்ணையும். கல்யாண மண்டபத்தில் நான்கு பேர் ஒரே கம்பெனிப் பெட்டியை ஒரே சேனலில் வைத்திருந்தால் ஒருவர் அழுத்த மற்றவர் ஃபிளாஷ் வெட்டும். அடையாள எண்ணை மாற்றினால் தீர்ந்தது.

எது எதனால் நடக்கிறது என்று தெரிந்தால்தான் கோளாறையும் சரியாக எழுத முடியும். சோதனைப் பொத்தானுக்கு ஃபிளாஷ் எரிந்து ஷட்டருக்கு எரியவில்லை என்றால் வானொலியில் பழுதில்லை: தூண்டி ஹாட் ஷூவில் முழுதாக உட்காரவில்லை, முனையில் அழுக்கு, அல்லது கேமரா சத்தமில்லா ஷட்டரில் இருக்கிறது. படத்தில் ஓரமாகக் கறுப்புப் பட்டை விழுந்தால் ஷட்டர் வேகம் ஒத்திசைவு எல்லையை, அதாவது ஷட்டர் முழுதாகத் திறந்திருக்கும் அதிகபட்ச வேகத்தை (பெரும்பாலும் 1/200 அல்லது 1/250 நொடி), தாண்டிவிட்டது. வேகத்தைக் குறையுங்கள், அல்லது ஆற்றல் குறைவதைப் பொறுத்துக்கொண்டு அதிவேக ஒத்திசைவுக்கு மாறுங்கள். ஃபிளாஷ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் விட்டுவிட்டு எரிகிறதா? கோடாக்ஸ் எக்ஸ்ப்ரோவில் தொலைவு அமைப்பு 1–100 மீட்டரில் இருக்கும், 0–30க்கு மாற்றுங்கள். 'ஒளிபரப்பி' என்று படித்தவர் இந்த இடத்தில் ஃபிளாஷின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.