கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் முதல் கணக்குப் பாடம்: மாணவருக்கு என்ன உரிமை?

கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) சேரும் மாணவர்கள், எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கும் ஒரு பிளேஸ்மென்ட் டெஸ்டை முதலில் எழுதுவதுதான் கலிஃபோர்னியாவில் பல வருடங்கள் வழக்கமாக இருந்தது. மதிப்பெண் குறைந்தால் அடிப்படைக் கணக்கு, தொடக்க அல்ஜீப்ரா, இடைநிலை அல்ஜீப்ரா என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து மேலே வர வேண்டும். இந்த வகுப்புகளின் யூனிட்டுகள் பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது கணக்கில் வராது. ஒவ்வொரு படியிலும் சிலர் படிப்பை விட்டுவிடுவார்கள். பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட ஒரு நாள் தேர்வில் தடுமாறியதால் இதில் மாட்டிக்கொண்டார்கள்.

இதை மாற்றியது ஏபி 705 (AB, அதாவது அசெம்பிளி பில்) என்ற மாநிலச் சட்டம். 2017-ல் கையெழுத்தாகி, 2018 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. பட்டத்துக்கோ டிரான்ஸ்ஃபருக்கோ (பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கோ) படிக்கும் மாணவர், டிரான்ஸ்ஃபர் நிலைக் கணக்குப் பாடத்தை, அதாவது மாறும்போது கணக்கில் வரும் பாடத்தை, ஒரு வருடத்துக்குள் முடிக்கும் வாய்ப்பு எவ்வளவு கூடுமோ அவ்வளவு கூடும்படி கல்லூரி அவரைச் சேர்க்க வேண்டும். எந்த வகுப்பு என்பதைப் பள்ளியில் எடுத்த பாடங்கள், கிரேடுகள், ஜிபிஏ (கிரேடுகளின் சராசரிப் புள்ளி) ஆகியவை தீர்மானிக்கும். மதிப்பெண் பட்டியல் கைக்கு வரவில்லை என்றால் மாணவரே சொல்லும் தகவலையும் ஏற்கலாம். 2022-ல் வந்த ஏபி 1705 இந்த விதிகளை இன்னும் இறுக்கியது.

வேறு நாட்டில் பள்ளி முடித்தவர்கள், அமெரிக்க மதிப்பெண் பட்டியல் இல்லையே என்று தயங்க வேண்டாம். அவர்களுக்கு வழிகாட்டிக் கேள்விகள் மூலம் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை இருக்கிறது. அந்தக் கேள்விகளுக்கு நடுவே கணக்குப் போடச் சொல்லிச் சோதிக்க விதிமுறை இடம் தரவில்லை.

அப்புறம், எந்தப் பாடம்? இங்கேதான் பலர் தவறான முடிவு எடுக்கிறார்கள். கணக்கு என்றாலே கால்குலஸ் என்று நினைக்கும் வீடுகள் நம்மிடையே அதிகம். உளவியல், சமூகவியல் போன்ற மேஜர்களுக்குப் பொதுவாகப் புள்ளியியல் போதும். பிற்பாடு அந்தத் துறையில் உதவுவதும் அதுதான். பொறியியல், இயற்பியல், கணினி அறிவியல் என்றால் பாதை கால்குலஸை நோக்கியே போகும். கால்குலஸ் தேவைப்படும் மேஜர்களில் மாணவரைச் சுற்றவிடாமல் நேராக அங்கே கொண்டுபோக வேண்டும் என்பதே ஏபி 1705-ன் நோக்கம். அதற்கான கெடு 2025 ஜூலை. பள்ளியில் ட்ரிக்னாமெட்ரி, ப்ரீகால்குலஸ் படிக்காதவர்கள், தங்கள் கல்லூரியில் தயாரிப்புப் பாடம் இருக்கிறதா என்று கவுன்சலரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

2018-ல் கல்லூரிகளுக்குத் தரப்பட்ட வழிகாட்டுதல்படி, பள்ளி ஜிபிஏ 3.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் புள்ளியியலைத் துணை வகுப்பு இல்லாமலே எடுக்கலாம். 2.3 முதல் 2.9 வரை என்றால் துணை வகுப்பு நல்லது, 2.3-க்குக் கீழே என்றால் மிகவும் நல்லது. துணை வகுப்பு என்பது அதே பருவத்தில் முதன்மைப் பாடத்தோடு சேர்த்து நடப்பது. வாரத்தில் சில மணி நேரம் கூடுதலாகப் போகும், ஆனால் ஒரு பருவம் வீணாகாது. அதை எடுப்பதைக் குறைவாக நினைக்கவே கூடாது. பள்ளிக் கணக்கை விட்டு வருடங்கள் ஆகியிருந்தால், கல்லூரி சொல்லாவிட்டாலும் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பள்ளியில் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் (AP) கால்குலஸ் தேர்வு எழுதி 3 அல்லது அதற்கு மேல் வாங்கியிருந்தால், சேருவதற்கு முன்பே அந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே முடித்த பாடத்தை இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்காது.

இந்தச் சட்டங்கள் கம்யூனிட்டி காலேஜ்களுக்கு மட்டும்தான். கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி வளாகங்கள் தனி ஆணையின்படி 2018 இலையுதிர் பருவத்திலிருந்து தங்கள் கணக்கு நுழைவுத் தேர்வைக் கைவிட்டன. யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி நடைமுறை. சேர்க்கைக் கடிதம் வந்ததும் அந்த வளாகத்தின் கணிதத் துறைப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். யூசிக்கு மாற நினைப்பவர்கள், டிரான்ஸ்ஃபருக்கு ஏற்ற ஒரு கணக்குப் பாடத்தையாவது குறைந்தது சி கிரேடுடன் முடித்திருக்க வேண்டும்.