அமெரிக்கப் பயணத் தடை: ஆணை சொன்னது என்ன, தடுத்தது யாரை?

2017 ஜனவரி 27 அன்று அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்ட நிர்வாக ஆணை, ஈராக், ஈரான், சிரியா, லிபியா, சோமாலியா, சூடான், ஏமன் ஆகிய ஏழு நாட்டினர் அமெரிக்காவுக்குள் நுழைவதை 90 நாள்களுக்கு நிறுத்திவைத்தது. அகதிகளை ஏற்பது 120 நாள்களுக்கும், சிரிய அகதிகளை ஏற்பது காலவரையின்றியும் நிறுத்தப்பட்டன. ஆணையில் எந்த மதத்தின் பெயரும் இல்லை. ஆனால் ஏழுமே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் என்பதாலும், முஸ்லிம்களின் வருகையை முற்றிலும் நிறுத்த வேண்டும் என்று டிரம்ப் 2015 டிசம்பரில் வேட்பாளராக இருந்தபோதே அறிக்கை விட்டிருந்ததாலும், இது 'முஸ்லிம் தடை' என்றே அழைக்கப்பட்டது.

ஆணைக்கு அடிப்படை, 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 212(எஃப்) பிரிவு. நாட்டின் நலனுக்குக் கேடு என்று அதிபர் கருதினால், எந்த வகை வெளிநாட்டினரின் வருகையையும் அவர் நிறுத்திவைக்க அது இடமளிக்கிறது. குடியேற்ற விசா வழங்குவதில் இனம், பாலினம், நாடு, பிறப்பிடம், வசிப்பிடம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1965இல் சேர்க்கப்பட்ட விதியில் மதம் இடம்பெறவில்லை. எனவே மதப் பாகுபாட்டை எதிர்த்தவர்கள், அரசு எந்த மதத்துக்கும் சார்பாகவோ எதிராகவோ நடக்கக் கூடாது என்னும் அரசமைப்பின் முதல் திருத்தத்தையே நம்ப வேண்டியிருந்தது.

கீழ் நீதிமன்றங்களின் தடைகளுக்கிடையே ஆணை இரு முறை திருத்தப்பட்டது. வட கொரியாவும், வெனிசுவேலாவின் குறிப்பிட்ட சில அதிகாரிகளும் சேர்க்கப்பட்ட மூன்றாம் வடிவத்தை, 2018 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் ஏற்றது. வாசகம் மதச் சார்பற்றது, பாதுகாப்புக் காரணம் போதுமானது என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். மதத்தைச் சொல்லாமல் நாட்டைச் சொன்னதுதான் ஆணையைக் காப்பாற்றியது என்று இதைப் படிப்பதில் தவறில்லை.

மறுத்தால் கடும் இன்னல் நேரும், வருபவரால் ஆபத்தில்லை, வருவது நாட்டின் நலனுக்கு உகந்தது என்ற மூன்றையும் நிறுவுவோருக்கு விலக்கு உண்டு என்று அந்த மூன்றாம் வடிவம் கூறியது. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மருத்துவமனையில் இரண்டு வயதுக் குழந்தை உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது. குழந்தையும் தந்தையும் அமெரிக்கக் குடிமக்கள். தாய் ஏமன் நாட்டவர். செய்தி பரவிக் கண்டனம் எழுந்த பிறகே, 2018 டிசம்பரில் தாய்க்கு விலக்கு கிடைத்தது. அவர் வந்து சேர்ந்த சில நாள்களில் குழந்தை இறந்துவிட்டது.

வெளிநாட்டினருக்கு இன்னொரு நாட்டில் நுழையும் உரிமையைப் பன்னாட்டுச் சட்டம் பொதுவாகத் தருவதில்லை. ஆயினும் அமெரிக்கா 1992இல் ஏற்ற குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையை விளக்கிய ஐ.நா. மனித உரிமைக் குழு, பாகுபாடின்மை, குடும்ப வாழ்வுக்கான மதிப்பு போன்ற கேள்விகள் எழும்போது, நுழைவு விஷயத்திலும் வெளிநாட்டினர் உடன்படிக்கையின் பாதுகாப்பைப் பெறக்கூடும் என்று 1986இலேயே கூறியுள்ளது.

வெளியுறவில் முதல் அடி ஈராக்கில் விழுந்தது. ஐ.எஸ். அமைப்பிடமிருந்து மோசூலை மீட்க ஈராக்கியப் படை அமெரிக்காவுடன் சேர்ந்து போரிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக உழைத்தவர்கூட நியூயார்க் விமான நிலையத்தில் தடுத்துவைக்கப்பட்டார். பதிலுக்குப் பதில் நடவடிக்கை எடுக்க ஈராக் நாடாளுமன்றம் வாக்களித்தது. மார்ச் மாதம் வந்த இரண்டாம் வடிவ ஆணையில் ஈராக் விடப்பட்டது. அமெரிக்க வெளியுறவுத் துறையிலேயே ஏறத்தாழ ஆயிரம் பேர் எதிர்ப்புக் குறிப்பில் கையெழுத்திட்டனர். நைஜீரியாவில் தோன்றிய போக்கோ ஹராம் என்ற ஆயுதக் குழுவுக்கு எதிரான போரில் முக்கியக் கூட்டாளியான, ஆப்பிரிக்க நாடான சாட்டின் கதை இன்னும் விநோதம். கடவுச்சீட்டு அச்சிடும் தாள் தீர்ந்துபோய் மாதிரிச் சீட்டு அனுப்ப முடியாததும் அது மூன்றாம் வடிவப் பட்டியலில் சேர்ந்ததற்கு ஒரு காரணம் என்று செய்திகள் வந்தன. 2018 ஏப்ரலில் அது நீக்கப்பட்டது.

2021 ஜனவரி 20 அன்று அதிபர் ஜோ பைடன் தடையை ரத்து செய்தார். 2020 ஜனவரி 20க்கு முன் குடியேற்ற விசா மறுக்கப்பட்டவர்கள் புதிதாக விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்த வேண்டும்; அதன் பின் மறுக்கப்பட்டவர்கள் புதுக் கட்டணமின்றி மறுபரிசீலனை கோரலாம் என்று அறிவிக்கப்பட்டது. குலுக்கல் முறை விசாவுக்குத் தேர்வாகியும் தடையால் இழந்தவர்களுக்கு, அந்த விசாவைப் பெறவேண்டிய நிதியாண்டு முடிந்துவிட்டதால், அந்த வாய்ப்புத் திரும்பவில்லை.

2025 ஜூனில் டிரம்ப் அதே 212(எஃப்) பிரிவைக் கொண்டு 12 நாடுகளுக்கு முழுத் தடையும் 7 நாடுகளுக்குப் பகுதித் தடையும் விதித்தார். முழுத் தடைப் பட்டியலில் மீண்டும் இடம்பெற்ற சாட், இம்முறை அமெரிக்கர்களுக்கு விசா வழங்குவதைத் தானும் நிறுத்தியது.