பெத்தா விழுந்தால் அடுத்த காட்சி மாலையா?

மட்டக்களப்பில் நான் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். இடுப்பு எலும்பு முறிந்து வரும் வயதான பெண்களை நடக்கவைப்பதைவிட, கூட வரும் பிள்ளைகளைச் சம்மதிக்கவைப்பதுதான் பல நாட்களில் பெரிய பாடு. "இந்த வயசில ஒபரேஷன் என்னத்துக்கு மிஸ்?" என்பார்கள். பாசம் இல்லாமல் இல்லை. அவர்கள் பார்த்து வளர்ந்த படங்களில் பாட்டி (எங்கள் பேச்சில் பெத்தா) விழுவாள், கட்டிலில் கிடப்பாள், அடுத்து சுவரில் மாலை போட்ட படம். எழும்பி நடந்த பாட்டியைக் கண்டதேயில்லை.

திரையில் பெண்ணுக்கு வயது சீக்கிரம் ஏற்றிவிடுகிறார்கள். 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினிகாந்துக்கு மனைவியாக வந்த ஸ்ரீவித்யா, 1991இல் 'தளபதி'யில் அவருக்கே அம்மா. அவர் ரஜினியைவிட இளையவர். நாடகங்களிலோ மருமகளை வதைக்கும் மாமியார். எங்கள் பக்கம் வீடு மகளுக்குத்தான் சீதனமாகப் போகும், மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுவார். அந்த வீட்டின் சாவி இடுப்பில் இருக்கும் பெத்தாவை எந்த நாடகத்தில் பார்த்தோம்?

படுவான்கரையிலிருந்து வந்த ஒரு பெத்தா, எழுபது தாண்டியவர். ஒபரேஷன் முடிந்த மறுநாள் வோக்கரைப் பிடிக்கச் சொன்னேன். "வயசு போயித்து புள்ள, உடு" என்று கண்ணை மூடிக்கொண்டார். வீட்டில் ஆட்டை யார் அவிழ்ப்பது என்று கேட்டேன். கண் திறந்தது. "கறுத்த ஆடு என்ட குரலுக்குத்தான் வரும்." கை நடுங்க, விரல்கள் வெளுக்க இறுக்கிப் பிடித்து, அன்றைக்கு நாலு எட்டு வைத்தார்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு மெலியும். ஈரத் தரையில் வழுக்கினாலே முறியலாம். முறிந்தபின் படுக்கையிலேயே விட்டால்தான் ஆபத்து கூடும்: நுரையீரலில் நியூமோனியா, முதுகில் படுக்கைப் புண், கால் இரத்தக் குழாயில் இரத்தக்கட்டி. தசையும் சில நாளிலேயே வற்றிப்போகும். அதனால்தான் வயதைப் பார்த்து ஒபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சுகிறோம். எல்லோருக்கும் பழைய நடை முழுதாகத் திரும்பாது, அது உண்மை. ஆனாலும் கிணற்றடி வரைக்கும் தானே போய்வருவது அவருக்குச் சின்ன விஷயமில்லை.

சரி, பெத்தா விழுந்துவிட்டால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் எழுப்பி நடத்திப் பார்க்கவும் வேண்டாம். அசைக்காமல் வைத்துக்கொண்டு 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸுக்கு உடனே அழையுங்கள்.