நானோ மஞ்சள்: விழுங்கும் செல்லுக்குள்ளேயே மருந்து

அல்சூரில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: மழை பிடித்ததிலிருந்து வீட்டில் ஆள் மாற்றி ஆள் வைரஸ் காய்ச்சல், மஞ்சள்பால் குடித்தும் அடங்கவில்லை, கடையில் ‘நானோ குர்குமின்’ என்று ஒரு மாத்திரை தருகிறார்கள், வாங்கலாமா?

கடுமையான வைரஸ் தொற்றில் நம்மைச் சாய்ப்பது பல நேரம் வைரஸோடு சேர்ந்து நம் உடம்பே மூட்டும் அழற்சிதான். வைரஸின் வாடை பட்டதும் என்.எஃப்.கப்பா-பி என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து ஐ.எல்-6, டி.என்.எஃப் போன்ற சைட்டோகைன்களின், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் புரதங்களின், மரபணுக்களை முடுக்கிவிடும். அளவு மீறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில், மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் என்.எஃப்.கப்பா-பியை அடக்குகிறது. சரி, வயிற்றுக்குள் போனால்? மஞ்சள்தூளில் குர்குமின் இருப்பதே சுமார் 3 சதவீதம், அதுவும் தண்ணீரில் கரையாது, குடலும் கல்லீரலும் வேகமாக உருமாற்றி வெளியே தள்ளிவிடும். நம்ம பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து 1998இல் வந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினைத் தனியாகச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அது கிட்டத்தட்ட தென்படவே இல்லை. கூடவே மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்ததும் ரத்தத்தில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. பெரிய எண்தான், ஆனால் ஏறத்தாழ சுழியத்திலிருந்து ஏறிய கணக்கு அது.

நானோ துகள், அதாவது கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய துகள், இங்கேதான் வருகிறது, எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். கொழுப்பாலான ஒரு நுண்குமிழி, லிப்போசோம், சுமார் 100 நானோமீட்டர் அகலம். குர்குமினுக்குக் கொழுப்பு என்றால் இஷ்டம், அதன் சுவருக்குள் ஒட்டிக்கொள்ளும். ரத்தத்துக்குள் இப்படிப் புதிதாக எந்தத் துகள் வந்தாலும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் பிடித்துத் தின்றுவிடும். புற்றுநோய்க்கு நானோ மருந்து செய்பவர்களுக்கு இது பெரிய தலைவலி, மருந்து கட்டியைச் சேரும் முன்பே கல்லீரலில் பாதி போய்விடும். நமக்கோ, சைட்டோகைன்களைக் கொட்டிக்கொண்டிருக்கும் முக்கியமான செல்லே அந்த மேக்ரோஃபேஜ்தான்! எந்தச் செல்லை அடக்க வேண்டுமோ அதுவே மருந்தைத் தேடி வந்து விழுங்குகிறது.

இன்னும் அழகு உண்டு. நம் செல்கள் முறையாக இறக்கும்போது, உள்பக்கம் இருக்கும் பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பை வெளிப்பக்கம் திருப்பிக் காட்டும். அதைப் பார்த்து அந்தச் செல்லைத் தின்னும் மேக்ரோஃபேஜ் ஆர்ப்பாட்டம் செய்யாது, ஐ.எல்-10 போன்ற அழற்சியைத் தணிக்கும் பொருட்களைச் சுரக்கும். தினமும் கோடிக்கணக்கான செல்கள் சாகும் உடம்பில் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எப்போதும் காய்ச்சலில்தான் கிடப்போம். அதே கொழுப்பை லிப்போசோமின் மேல் பூசிவிட்டால், மருந்து வேலையைத் தொடங்கும் முன்பே உறையே செல்லைப் பாதி சமாதானப்படுத்திவிடும்.

இதையெல்லாம் நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்து உறுதிப்படுத்த வேண்டும். அந்தச் சோதனைகளுக்குத்தான் நம் நாட்டில் பணம் போக வேண்டும், பாட்டி சொன்னது சரிதான் என்று நிரூபிக்கக் கிளம்பும் ஆய்வுகளுக்கு அல்ல. அப்புறம், நேரமும் முக்கியம்: 2020இல் பிரிட்டனின் ரெக்கவரி சோதனையில் டெக்சாமெத்தசோன் என்ற, அழற்சியைத் தணிக்கும் மருந்து ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளின் உயிரைக் காத்தது, தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை.

ஆகவே அம்மா, சாதாரணக் காய்ச்சலுக்குக் கடையில் தரும் அந்த நானோ குர்குமின் மாத்திரை வேண்டாம். பால் தாராளமாகக் குடியுங்கள், தொண்டைக்கு இதம். ஏற்கெனவே யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஒன்று கவனியுங்கள்: பைப்பரின் சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள், அதன் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.