பழைய சிறிய கார் வாங்குவோரே, முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள்

புதுச்சேரியில் பழைய சிறிய கார் வாங்குவோரில் பெரும்பாலானவர்கள், முழுப் பணத்தையும் கொடுத்து முடித்த பிறகுதான் வண்டியைப் என் பட்டறைக்குக் கொண்டு வருகிறார்கள். சென்ற வாரம் முத்தியால்பேட்டையிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவரின் காரை, வண்டியை உயரே தூக்கும் லிஃப்டில் ஏற்றியபோது, ஓட்டுநர் பக்கக் கதவுக்குக் கீழுள்ள தகடு கட்டைவிரல் அழுத்தத்துக்கே உள்ளே போய்விட்டது. மேலே பெயின்ட் பளபளத்தது. "அடியில் புதிதாகக் கோட்டிங் அடித்திருக்கிறார்கள், இனித் துருப் பிடிக்காது என்றார்களே" என்று அவர் கேட்டார். இதே கேள்விக்கு இன்னும் எத்தனை பேருக்குப் பதில் சொல்வது?

கழுவி, உலர்த்தி, துரு இல்லாத தகட்டின் மீது அடித்தால்தான் அண்டர்கோட்டிங் எனப்படும் அந்த அடிப்பூச்சு பாதுகாப்பு. ஏற்கெனவே உப்பேறிப் பொரிந்த தகட்டின் மீது அடித்தால் துரு நிற்காது. ஈரம் உள்ளேயே அடைபட்டு, வெளியே தெரியாமல் தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும். பத்து ஆண்டு ஓடிய வண்டியின் அடிப்பாகம் மட்டும் நேற்று அடித்ததுபோல் கறுத்திருந்தால், அதைப் பராமரிப்பின் அடையாளமாகக் கொள்ளாதீர்கள், ஐயப்படுங்கள். இந்தச் சிறிய கார்களில் எடை தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸ் தனியாகக் கிடையாது; பாடியே முழு எடையையும் தாங்குகிறது. ஆகவே கதவுக்குக் கீழுள்ள 'சில்' தகடோ, பின் சஸ்பென்ஷன் பொருந்தியிருக்கும் இடமோ அரித்துப்போனால், அதை வெறும் டிங்கரிங் வேலை என்று நினைக்க முடியாது. வண்டியின் உறுதியே குறைந்துவிட்டது என்று பொருள். சக்கர வளைவின் உள்விளிம்பையும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும் விரலால் தடவிப் பாருங்கள். கோட்டிங்கை ஓரிடத்தில் சுரண்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், அந்த வண்டி வேண்டாம்.

துருவுக்கு அடுத்தது வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது இங்கே 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. அப்போது மூழ்கிய கார்கள் கழுவப்பட்டு மறுவிற்பனைக்கு வந்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். சீட்டின் இரும்புத் தடத்தில் துரு, வயர் இணைப்புகளில் பச்சை படிதல், தரைவிரிப்பின் அடியில் ஈர நாற்றம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் பேரத்தை நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவு சொல்வதால் சிறிய காரை நான் வெறுப்பதாக எண்ண வேண்டாம். மாருதி ஆல்ட்டோ 800 போன்ற வண்டி 4.6 மீட்டர் ஆரத்தில் திரும்பும். மிஷன் வீதியின் நெரிசலில் அதை நுழைத்து நிறுத்துவது எளிது, உதிரிபாகமும் எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். ஊருக்குள் இருவரோ மூவரோ சென்றுவர அது போதும். ஆனால் சுமார் 700 கிலோ எடையும் 796 சி.சி. இன்ஜினும் கொண்ட அந்த வண்டியில் பெரியவர்கள் ஐவர் அமர்ந்தால், அதன் எடையில் பாதி அளவு சுமை கூடுதலாக ஏறுகிறது. அந்தச் சுமையோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தை முந்த முயன்றால், வேகம் கூடவும் நேரமாகும், பிரேக் பிடிக்கவும் தூரம் கூடும். தவிர, 12 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் ஆழமாக இறங்கி எழும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று மட்டும் கேட்பவர்கள் இவற்றை எண்ணுவதே இல்லை.

சோதனை ஓட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். வழக்கமாக ஏறும் குடும்பத்தினர் அனைவரையும் ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, ஒரு மேம்பாலத்தில் ஏற்றிப் பாருங்கள். கிளட்ச் நழுவினால் அங்கே தெரிந்துவிடும். தயாரிப்பு ஆண்டைப் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பாருங்கள்: திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலிருந்தும், ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்தும், முன் இருக்கைப் பயணிக்கானது 2022 ஜனவரியிலிருந்தும்தான் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாயின. விலை சற்றுக் கூடினாலும், குழந்தைகள் ஏறும் வண்டி என்றால் தயவுசெய்து இவை உள்ளதையே தேடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கின் பட்டறைக்கு வண்டியை ஓட்டிவரச் சொல்லுங்கள். லிஃப்டில் ஏற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதும்.