கைம்பெண்ணை முதலில் அழ விடுங்கள், ஊழியம் பிறகு வரட்டும்

கணவரை அடக்கம் செய்து நாற்பது நாள்கூட ஆகாத பெண்ணை மேடையில் ஏற்றி, கடவுள் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வைக்கும் பழக்கம் நமது மட்டக்களப்பில் சில கிறிஸ்தவ சபைகளை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. போன மாதமும் அப்படி ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார், மச்சாள்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். (விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) படுவான்கரைப் பக்கம், ஐம்பதை நெருங்கும் வயது, கணவர் மாரடைப்பில் போய்விட்டார். செத்தவீட்டிலேயே தொடங்கியிருக்கிறார்கள்: "அழாதேங்க அக்கா, அவர் கர்த்தரிட்டதானே போயிருக்கார், நீங்க உடைஞ்சா பிள்ளைகள்ட விசுவாசம் என்னாகும்?" அவரும் அழவில்லை. ஒரு மாதத்துக்குள் பெண்கள் கூட்டத்தை நடத்தக் கொடுத்தார்கள், சனிக்கிழமை உபவாச ஜெபம், ஞாயிறு பாடசாலை, நடுவில் சாட்சி. எவ்வளவு பெலமான சகோதரி என்று எல்லோரும் மெச்சினார்கள். மூன்றாம் மாதம் நித்திரை போனது, சாப்பாடு இறங்கவில்லை, பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டார், மூத்த மகளோடு கதைப்பதும் நின்றுவிட்டது. கதிரையில் உட்கார்ந்ததும் என்னிடம் சொன்ன முதல் வசனம்: "எனக்கு விசுவாசம் காணாது மிஸ்."

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். புருஷனைப் பறிகொடுத்த துக்கத்தோடு, அழுகை வருகிறதே என்ற குற்றவுணர்வையும் சேர்த்து அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

அழுதால் விசுவாசம் குறைவு என்று வேதத்தில் எந்த இடத்தில் இருக்கிறது? லாசருவை இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்துகொண்டே இயேசு அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். மோசேக்காக இஸ்ரவேலர் 30 நாள் அழுதார்கள். ஸ்தேவானை அடக்கம் செய்தவர்களைத் தேவபக்தியுள்ளவர்கள் என்று சொல்லும் அதே வசனம், அவர்கள் அவருக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்றும் சொல்கிறது. நாயீன் ஊர் விதவையிடம் இயேசுவே "அழாதே" என்றாரே என்று ஒரு போதகர் என்னிடம் கேட்டார். ஆம் ஐயா, சொன்னார், சொன்ன கையோடு அவளுடைய மகனை உயிரோடு எழுப்பியும் கொடுத்தார். உங்களாலும் என்னாலும் அது முடியாது, ஆகவே அந்த வார்த்தையை நாம் எடுத்துப் பாவிக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26இல் நாவலடியையும் கல்லடியையும் கடல் கொண்டுபோனதைப் பார்த்த ஊர் இது, 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர். ஒப்பாரி சொல்லி, மண்ணில் புரண்டு அழத் தெரிந்த எங்கள் பெண்களை வாய் மூடி இருக்கச் சொல்ல எப்படி மனம் வருகிறது?

சீஷத்துவம், அதாவது கூட இருந்து ஒருவரை இயேசுவின் வழியில் நடத்துவது, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்த கைம்பெண்களில் பலரைத் தூக்கி நிறுத்தியதே அதுதான். வாழைச்சேனைப் பக்கம் ஒருவர், கடலுக்குப் போன கணவர் பிணமாகத்தான் வந்தார். அவருடைய சபையில் ஒரு மூத்த அக்கா இருந்தார், சுனாமியில் கணவரை இழந்தவர். அவர் புதன்கிழமை பின்னேரங்களில் வந்து உட்கார்ந்திருப்பார், மீன் வெட்டிக் கொடுப்பார், பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவார், அவ்வளவுதான். கொஞ்ச நாள் கழித்து 88ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டினார். ஆறுதலே இல்லாமல் இருளோடு முடிகிற சங்கீதம் அது. "இப்படியும் கடவுள்ட கதைக்கலாமா?" என்று இவர் கேட்டிருக்கிறார், அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாராம். கேள்விகள் பிறகு வந்தன, "என்னை ஏன்" என்ற கேள்வியும் வந்தது, அந்த அக்கா ஒன்றையும் திருத்தப் போகவில்லை. அப்புறம் மெதுவாகச் சுவிசேஷங்களை ஒன்றாக வாசித்தார்கள். அடுத்த வருடம் அப்போஸ்தலர் நடபடிகளில் யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் செத்தபோது, அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளை விதவைகள் அழுதுகொண்டே காட்டுகிற இடம் வந்தது. வீட்டு மூலையில் தையல் மெஷின் சும்மா கிடந்தது. இன்றைக்கு அவர் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிச் சட்டை தைத்துக் கொடுக்கிறார், செத்தவீடு நடந்த வீடுகளுக்குத் தானே போய் உட்காருகிறார். கணவரின் நினைவு நாளில் இப்போதும் அழுகிறார், அதை யாரிடமும் மறைப்பதுமில்லை. இந்த வேலையை அவருக்கு யாரும் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை, அவராகக் கண்டுபிடித்தார். நான் நோயாளியிடம் முதலில் தேடுவதும் இதைத்தான், நாளைக்குச் செய்ய ஆசைப்படும் ஒரு வேலை இருக்கிறதா என்று.

இன்னொரு பக்கம் உறவினர்கள். "சபைக்காரர் மயக்கிப்போட்டாங்க" என்று கத்தி, வீட்டுக்கூட்டத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறார்கள். அந்த வாரத்தில் அவரோடு மனம்விட்டுக் கதைக்கிற ஒரே ஆட்கள் அந்தச் சபைக்காரராக இருந்தால், அதையும் பறித்துவிட்டு என்ன கொடுக்கப்போகிறீர்கள்? நித்திரை வருகிறதா, சாப்பிடுகிறாரா, பிள்ளைகளோடு சிரிக்கிறாரா என்று பாருங்கள். இவை சரியாகிக்கொண்டு வந்தால் அவரை விடுங்கள்.

கணவர் இறந்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் நாளாந்த வேலை எதுவும் ஓடவில்லை, துக்கம் இறங்காமல் அப்படியே நிற்கிறது என்றால், அது மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும் நீடித்த துக்கம் தனி நோயாகவே இருக்கிறது. "நானும் அவரிட்டயே போயிரணும்" என்ற கதை வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், ஜெபித்துவிட்டே கூட்டிவாருங்கள், போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. இரவில் என்றால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் அது.

பிரஷர், சீனி வருத்தக் குளிசைகளை உபவாசத்துக்காக நிறுத்தக் கூடாது, எந்தப் போதகர் சொன்னாலும் கூடாது. எங்கள் பக்கம் வீடு பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரில்தான் வரும், ஆகவே முதல் வருடத்தில் காணி உறுதியில் கையெழுத்து, விற்பனை, அன்பளிப்பு ஒன்றும் வேண்டாம், கேட்பவர் சகோதரனாக இருந்தாலும் சரி, சபையாக இருந்தாலும் சரி. நுண்கடன்காரர் படலைக்கு வந்தால் தனியாக நின்று கதைக்காதீர்கள் அக்கா, ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

போதகர்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். உங்கள் சபையில் அடுத்த செத்தவீடு நடக்கும்போது அந்தப் பெண்ணின் பெயரைச் சாட்சிப் பட்டியலில் எழுதாதீர்கள். இதே இழப்பைக் கடந்துவந்த ஓர் அக்காவைத் தேடிப் பிடித்து அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். முதல் மாதம் வேதபாடம்கூட வேண்டாம், மரணச் சான்றிதழ் எடுக்கப் பிரதேச செயலகத்துக்கு அவர் கூடப் போய்வந்தாலே போதும்.