கழுத்தறுப்பான் கோட்டையும் ஒரு மிடறு தண்ணீரும்

'கழுத்தறுப்பான் கோட்டை' என்ற பெயரை முதல் தடவை ஒரு காணொலியில் கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். இரண்டாம் தடவை ஒரு வார இதழில் படித்தபோது சிரிப்பு வரவில்லை. போன மாதம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பு நூலில், ஒரே அத்தியாயத்தில் பதினொரு இடத்தில் அதே பெயர். பதினொன்றையும் சிவப்பு மையில் சுழித்தேன். சுழித்தால் போதுமா, பதிலுக்கு ஒரு சொல் தர வேண்டாமா என்று உட்கார்ந்ததில் வந்தது இந்தக் குறிப்பு.

பேச்சு இஸ்தான்புல்லில் உள்ள ரூமேலி ஹிசாரைப் பற்றியது. கருங்கடலையும் மர்மரா கடலையும் சேர்க்கும் போஸ்போரஸ் நீரிணையின் மிகக் குறுகலான இடத்தில், ஐரோப்பியக் கரையில் நிற்கும் கோட்டை. அங்கே கரைக்குக் கரை சுமார் 700 மீட்டர்தான். எதிர்க்கரையில், ஆசியப் பக்கம், 1390களில் ஒட்டோமான் சுல்தான் முதலாம் பாயசித் கட்டிய சின்னக் கோட்டை ஏற்கெனவே இருந்தது. அவருடைய கொள்ளுப்பேரன் இரண்டாம் மெஹ்மத், இருபது வயதில், பைசாந்தியத் தலைநகரான கான்ஸ்டான்டினோப்பிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லை, பிடிக்கும் திட்டத்தின் முதல் வேலையாக, 1452 ஏப்ரலில் இந்தப் பெரிய கோட்டையைத் தொடங்கினார். ஆகஸ்டு முடிவதற்குள் கட்டி முடித்தாயிற்று. மூன்று பெரிய கோபுரங்களைக் கட்டும் பொறுப்பு ஹலீல், ஸகானோஸ், சாருஜா என்ற மூன்று பாஷாக்களுக்கு, அதாவது சுல்தானின் உயர் அதிகாரிகளுக்கு. இன்றும் அந்தக் கோபுரங்களுக்கு அவர்கள் பெயர்தான். மதில் வேலையைச் சுல்தானே கவனித்தார். வேலை நான்கு மாதத்தில் முடிந்த ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன்: பக்கத்துக் கோபுரம் நம்முடையதைவிட முன்னால் உயர்ந்துவிட்டால் சுல்தான் முகத்தில் எப்படி விழிப்பது?

இந்தக் கோட்டைக்கு அந்தக் காலத்தில் வழங்கிய இன்னொரு பெயர் போஆஸ்கெசென். எழுத்தில் நடுவே 'க' மாதிரி ஓர் எழுத்து உண்டு. துருக்கியர் அதை விழுங்கிவிட்டு முன்னால் உள்ள உயிரைக் கொஞ்சம் நீட்டுவார்கள். ஆகவே 'போகஸ்கெசன்' என்று எழுதுவதும் தப்பு. சரி, அதை விடுவோம். போஆஸ் என்றால் தொண்டை. நெரித்தல் என்று பொருள்படும் 'போமக்' என்ற வினையோடு உறவுள்ள சொல். அதே போஆஸ்தான் துருக்கியில் நீரிணைக்கும் மலைக்கணவாய்க்கும் பெயர். இஸ்தான்புல்காரர்கள் போஸ்போரஸ் என்று சொல்வதே இல்லை, வெறும் 'போஆஸ்' என்பார்கள். கெசென் என்பது 'கெஸ்' என்ற வினையின் பெயரெச்ச வடிவம்: வெட்டுகிற, அறுக்கிற. ஆகமொத்தம், 'போஆஸை வெட்டுவது'. சொற்பிறப்பு இவ்வளவுதான்.

ஒரு சொல்லில் இரண்டு பொருள் இருப்பதால் ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இரண்டையும் போட்டார்கள்: நீரிணையை வெட்டுவது, அல்லது தொண்டையை அறுப்பது. நம்மவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். ரத்தம் சொட்டுகிறது, தலைப்புக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் 'கழுத்தறுப்பு' என்று ஒரு சொல் தமிழில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறதே! கல்யாண வீட்டில் ஒருவர் மைக்கை விடாமல் பேசினால் அது கழுத்தறுப்பு. நம்பிக் கையெழுத்துப் போட்டவனை நட்டாற்றில் விட்டால் அதுவும் கழுத்தறுப்பு. 'கழுத்தறுப்பான் கோட்டை' என்று கேட்டதும் தமிழ்க் காதுக்கு என்ன தோன்றும்? வழிகாட்டி ஒருவர் மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்திக் கதை சொல்லும் கோட்டை என்றுதான் தோன்றும். பைசாந்தியப் பேரரசு கதிகலங்கிய பெயர் நம்மிடம் வந்து கேலிப் பெயராகிவிட்டது.

இன்னொரு கோஷ்டி 'ஜலசந்தி வெட்டி' என்கிறது. இது அதைவிட மோசம். தமிழில் கால்வாய் வெட்டுவது, குளம் வெட்டுவது, கிணறு வெட்டுவது என்றால் தோண்டுவது என்று பொருள். நீரிணையை வெட்டியது என்று எழுதினால் அந்தக் கோட்டைதான் மண்வெட்டியும் கையுமாக நின்று போஸ்போரஸைத் தோண்டியது என்று ஆகிறது. வெறும் 'வெட்டி' என்றால் எதற்கும் உதவாதது என்பது தனி. வெட்டி வேலை, வெட்டிப் பேச்சு, வெட்டிக் கோட்டை.

இந்த இரண்டு பெயர்ப்புக்கும் மூலத் தவறு ஒன்றுதான். கெஸ் என்பதற்கு அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்தார்கள், துருக்கியர் அதை வைத்து என்னென்ன பேசுகிறார்கள் என்று பார்க்கவில்லை. கொள்ளைக்காரன் வழியில் நின்று மடக்குவதைத் துருக்கியில் 'யோல் கெஸ்மெக்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் 'பாதையை வெட்டுதல்'. இதை யாராவது தமிழில் பாதை வெட்டினான் என்று எழுதுவார்களா? வழிமறித்தான் என்றுதான் எழுதுவோம். மின்சாரம் நின்றுபோனாலும் அங்கே அதே வினைதான். நாமும் கரண்ட் கட் என்கிறோம், அதைக் கேட்டு யாரும் அரிவாளைத் தேடுவதில்லை. ஆக, கெஸ் என்பதன் ஒரு பாதி அறுத்தல், மறுபாதி மறித்தல்.

அந்தக் கோட்டை செய்த வேலையும் மறித்தல்தான். கருங்கடல் கரைகளிலிருந்து தானியம் வரும் வழி அது. கோட்டை எழுந்தபின், கடந்து போகும் ஒவ்வொரு கப்பலும் பாய் இறக்கி நின்று, சோதனைக்கு உட்பட்டு, சுங்கம் கட்ட வேண்டும். நிற்காதவர் மேல் பீரங்கி. 1452 நவம்பரில் அந்தோனியோ ரிட்சோ என்ற வெனிஸ் கப்பல்தலைவர் நிற்காமல் போய்ப் பார்த்தார். கரையோரப் பீரங்கி அவர் கப்பலை மூழ்கடித்தது. நீந்திக் கரையேறியவர்களைப் பிடித்தார்கள். ரிட்சோவைக் கழுவேற்றினார்கள், மாலுமிகளின் தலையை வெட்டினார்கள். இங்கேயும் பாருங்கள், கழுவும் உண்டு, தலைவெட்டும் உண்டு, தொண்டையறுப்பு மட்டும் இல்லை! ஆறே மாதம் கழித்து, 1453 மே 29 அன்று, நகரம் விழுந்தது.

எதிர்க்கட்சிக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். கிரேக்கர்கள் இதே கோட்டையை லைமோகோப்பியா என்றார்கள். லைமோஸ் என்றால் தொண்டை, பின்பாதி வெட்டு. அப்படியென்றால் அந்தக் காலத்து ஆட்களே தொண்டையறுப்பு என்றுதானே புரிந்துகொண்டார்கள் என்று கேட்கலாம். கேட்பது நியாயம். ஆனால் அவர்கள் கத்திக்குக் கீழே இருந்தவர்கள், அவர்கள் காதுக்கு வேறு எப்படிக் கேட்டிருக்கும்? பெயர் வைத்தவர்கள் இரண்டு பொருளும் சேர்ந்து ஒலிக்கட்டும் என்றே வைத்திருப்பார்கள் என்றும் ஒப்புக்கொள்கிறேன். சிலேடை அது. சிலேடையில் ஒரு காலை மட்டும் மொழிபெயர்த்தால் நொண்டும். அதற்காக நீரிணை என்ற காலை முழுக்க வெட்டிவிட்டுக் கழுத்தை மட்டும் வைத்துக்கொள்வதா?

அப்புறம் 'குரல்வளை நெரிப்பான்' என்று ஒரு நண்பர் சொன்னார். இது என்னைக் கொஞ்சம் அசைத்தது. ஒன்றை மூச்சுத்திணற வைப்பதற்குத் தமிழில் உள்ள இயல்பான தொடர் குரல்வளையை நெரிப்பதுதான். போமக் என்ற வினையும் நெரித்தல்தானே. ஆனால் இரண்டு சங்கடம். மேடைகளில் கருத்துரிமையின் குரல்வளையை நெரித்து நெரித்து அந்தத் தொடர் தேய்ந்துபோய்விட்டது. மேலும் குரல்வளை குரலின் வழி, கான்ஸ்டான்டினோப்பிளுக்கு அடைபட்டதோ சோற்றின் வழி.

எனக்கு வேண்டியது தண்ணீரும் தொண்டையும் ஒன்றாக நிற்கும் ஒரு சொல். அது மிடறு. பழைய தமிழில் மிடறு என்றால் கழுத்து, தொண்டை. அதியமான் நெல்லிக்கனி கொடுத்ததற்கு ஔவையார் பாடும் புறநானூற்றுப் பாட்டில் சிவன் 'நீலமணி மிடற்று ஒருவன்'. நீலகண்டனேதான், தமிழில். அதே சொல் இன்றைக்கும் சாகாமல் இருக்கிறது: ஒரு மிடறு தண்ணீர் குடித்தான், இரண்டு மிடறு காப்பி. தொண்டையும் அதில் இறங்கும் நீரும் ஒரே சொல்லில். இரண்டு கடலுக்கு நடுவே உள்ள ஒடுக்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நீரிணை என்ற சொல்லை மாற்றச் சொல்லவில்லை. அது நல்ல சொல், இருக்கட்டும். ஆனால் நீரிணை, ஜலசந்தி, பாடநூல்களின் நீர்ச்சந்தி மூன்றும் நீரும் நீரும் சேர்வதை மட்டும் சொல்கின்றன. குறுகலைச் சொல்வதில்லை. கோட்டை கட்டுகிறவனுக்குத் தேவை குறுகல், சேர்க்கை அல்ல. பீரங்கிக் குண்டு எட்ட வேண்டுமே.

மிடறு கிடைத்தபின் மறி தானாக வந்து ஒட்டிக்கொண்டது. மிடறுமறித்தான். திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான் என்று ஓர் ஊர் இருக்கிறது. செய்த செயலே பெயராக நிற்கும் அந்த வார்ப்பு நமக்குப் புதிதல்ல. பேச்சில் 'மிடறுமறிச்சான்' என்று ஆகிவிடும், ஆகட்டும், நல்லதுதான். கத்தி எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு ஒரு கொசுறு: மறி என்றால் பழந்தமிழில் ஆட்டுக்குட்டியும்தான். குறுந்தொகையில் 'மறிக்குரல் அறுத்து' என்று வெறியாட்டுப் பலியைச் சொல்லும் இடம் உண்டு. அங்கே குரல் என்றால் கழுத்து. அந்த அடி தெரிந்தவர் காதில் ரத்தமும் லேசாக வாடை அடிக்கும். தெரியாதவருக்குப் பொருள் கெடாது. இது கொஞ்சம் இழுவைதான், தெரியும்.

இதே புத்தகத்தில் கைவைக்க வேண்டிய இடம் இன்னும் நிறைய. நீரிணையின் பெயரை 'பாஸ்பரஸ்' என்று அடித்திருந்தார்கள். தீக்குச்சிப் பெட்டியின் பக்கத்தில் தடவுகிற பொருளுக்குப் பெயர் பாஸ்பரஸ். அது கிரேக்கத்தில் ஒளியைச் சுமப்பது. இதுவோ மாடு கடந்த துறை. ஈயோ என்ற பெண் பசுவாக மாறி இதைக் கடந்தாள் என்பது அவர்கள் புராணம். போஸ்போரஸ் என்று எழுத இரண்டு கொம்பும் ஒரு காலும் கூடுதலாக ஆகுமா? பிறகு, 'ரூமேலி ஹிசார் கோட்டை'. ஹிசார் என்றாலே கோட்டைதான். அரபியிலிருந்து வந்த சொல், ஹரியானாவில் பிரோஸ் ஷா துக்ளக் எழுப்பிய ஹிசார் நகரத்துக்கும் அதே பெயர். ரூமேலி என்பது ரோமர் நிலம். 'ஹிசார் கோட்டை' என்பது 'நடு சென்டர்' வகை. ரூமேலிக் கோட்டை என்று விட்டிருக்கலாம்.

டார்டனெல்ஸ் நீரிணையில் அதே மெஹ்மத் பின்னால் கட்டிய கிலித்பஹிர் கோட்டைக்கு வந்தால் 'கடலின் சாவி' என்று போட்டிருக்கிறார்கள். பாரசீகத்தில் கிலீத் சாவி என்பது உண்மை. துருக்கிக்குள் வந்தபோது அது பூட்டாகிவிட்டது. சாவிக்கு அங்கே வேறு சொல் இருக்கிறது. கப்பலை உள்ளே விடாமல் நிறுத்துவதற்கு எழுந்த கோட்டைக்குத் திறக்கும் பொருளின் பெயரா? 'கடற்பூட்டு' என்றால் எவ்வளவு கச்சிதம். ஆங்கிலக் கால்வாயை நான் இந்தத் தடவை தொடவில்லை. யாரும் வெட்டாத ஒரு கடலைக் கால்வாய் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே படித்துவிட்டோம், அதைத் திருத்த இன்னொரு ஜென்மம் வேண்டும்.

மிடறுமறித்தான் என்று பதினொரு இடத்திலும் எழுதி, ஓரத்தில் காரணமும் எழுதி அனுப்பினேன். மொழிபெயர்ப்பாளருக்குப் பிடித்திருந்தது, பதிப்பகத்துக்குப் பிடிக்கவில்லை. வாசகருக்குப் புரியாது என்றார்கள். போன வாரம் அச்சான பிரதி தபாலில் வந்தது. அத்தியாயத் தலைப்பில், பெரிய எழுத்தில், 'கழுத்தருப்பான் கோட்டை'. வல்லின 'று' கூட இல்லை.